குசினித் துப்பாக்கி

அம்புரோஸ் வீட்டுக் கூடத்தில் இருந்த கண்ணாடி அலமாரிக்குள் நாலு ஏர் கன்கள் நின்றன. ஐந்தாவது குசினியில், கருவாட்டுப் பானைக்கும் சுளகுக்கும் நடுவே சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

நாலு நிற்பதற்கும் ஒன்று கிடப்பதற்கும் காரணம் உண்டு. அம்புரோஸ் துப்பாக்கியை மதிப்பது குழாயைப் பார்த்தோ கட்டையைப் பார்த்தோ அல்ல. யார் கையிலிருந்து வந்தது என்பதைப் பார்த்து. வெள்ளைக்காரர்கள் தூத்துக்குடியைக் காலி செய்து கப்பலேறிய நாட்களில் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மற்றவர்கள் கட்டிலும் நாற்காலியும் எடுத்தார்கள். ஷிப்பிங் ஆபீஸில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க்காக இருந்த அம்புரோஸ் துப்பாக்கி எடுத்தார். ஏலத்தில் எடுத்தது நாளாவட்டத்தில் துரை கொடுத்தது ஆயிற்று. இன்னும் சில வருஷம் கழித்து, துரை கண்ணீரோடு கொடுத்தது ஆயிற்று.

அலமாரிக்குள் உத்தியோக வரிசைப்படி நின்றன. முதலில் கப்பல் கம்பெனி ஏஜெண்ட் துரையுடையது. அடுத்து பஞ்சாலை மானேஜர். அதற்கடுத்து ஹார்பர் இன்ஜினியர். கடைசியாக பைலட் துரை. இந்த பைலட் கப்பலைத் துறைமுகத்துக்குள் கூட்டி வருகிறவர். விருந்தாளி யாராவது ஆகாயத்தை நினைத்துக்கொண்டால் அம்புரோஸ் திருத்துவதில்லை. ஐந்தாவது, துரைமார் பங்களாவில் சமைத்துப் பரிமாறிய ஞானையா பட்லருடையது. பட்லர் அதைக் கொண்டுவந்து நீட்டியபோது அம்புரோஸ் இரண்டு விரலால் வாங்கினார். நடுவில் மடக்கிய நெம்புகோலும் கறுத்த கட்டையுமாக அது பார்க்கவும் பட்லர் மாதிரியே இருந்தது. நேரே குசினிக்குப் போயிற்று.

காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கிக்கு லைசன்ஸ் வேண்டியதில்லை. ஆனாலும் போலீஸ் ஸ்டேஷனைக் கடக்கும்போது அம்புரோஸ் கொஞ்சம் விறைப்பாக நடப்பார். அந்த நாலில் ஒன்றையாவது அவர் சுட்டுப் பார்த்தவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அலமாரியைத் திறப்பார். கைக்குட்டை லேஞ்சியால் ஒவ்வொன்றையும் துடைப்பார். பூட்டி, சாவியை மாதா படம் கோத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். அந்த வீட்டில் மழைக்கு ஒழுகாத மூலை அது ஒன்றுதான். அலமாரி வந்த புதிதில் அங்கே அரிசிப் பெட்டியை வைக்கலாமே என்று பிளாரன்ஸ் கேட்டாள். அம்புரோஸ் பார்த்த பார்வையில் பிறகு கேட்கவில்லை.

குடும்பம் நடந்தது பிளாரன்ஸின் கருவாட்டில். விடிந்தும் விடியாமலும் கரைக்குப் போய் நெத்திலியும் சாளையும், கிடைத்தால் பாறை மீனும் எடுத்து வருவாள். குடல் நீக்கி, உப்பில் புரட்டி, மொட்டைமாடித் தட்டட்டியில் பாய் விரித்துக் காயப்போடுவாள். கோவில்பட்டி வியாபாரி வாரம் ஒருமுறை வந்து எடுத்துப் போவார். அம்புரோஸின் பென்ஷன் அவருடைய கோட்டைச் சலவைக்குப் போடவும் சாயங்காலம் பேக்கரியில் உட்காரவும் சரியாக இருந்தது.

மேல்மாடியில் மீனைக் காப்பது மகள் ஹில்டா. வயது இருபத்தாறு. தூத்துக்குடிக் காக்கைகள் கையை வீசினாலோ கல்லை எறிந்தாலோ அசைகிற ஜாதி இல்லை. தட்டட்டி மூலையில் ஒரு கம்பு நட்டு, அதில் பிஸ்கட் டின் மூடி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். குசினித் துப்பாக்கியை எடுத்துப்போய் எதிர்மூலையிலிருந்து அந்த மூடியைக் குறிபார்த்துச் சுடுவாள். 'டிண்' என்று ஒரு சத்தம். அத்தனை காக்கையும் பனிமய மாதா கோயில் கோபுரத்துக்குப் போய்விடும். பத்து வயதிலிருந்து சுடுகிறாள். குறி தப்பினால் தெருவே எட்டிப் பார்க்கும், பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லையோ என்று.

அந்த 'டிண்' சத்தத்துக்குத் தெருவில் ஒரு சைக்கிள் நின்றது. லியோன். புதுத் துறைமுக வேலையில் ஸ்டோர் கீப்பர். அரைத் தோணிச் சொந்தக்காரர் கொரேராவின் மகன்.

"இன்னைக்கு எத்தன காக்கா?" என்பான், கீழே நின்று.

"காக்காய எண்ணவா நிக்கேன்? கருவாட்ட எண்ணுதேன்."

"எங்க வீட்டுக்கு ஒரு துண்டு போடப்படாதா?"

"எங்க அப்பாகிட்ட கேளுங்க. துரை குடுத்த கருவாடுன்னு சொல்லித் தருவாரு."

அவன் சிரிப்பான். அவள் சிரிக்கமாட்டாள், நெம்புகோலை மடக்கி அடுத்த ரவையைப் போடுவாள். ஆனால் அவன் வேலை விட்டு வருகிற நேரத்துக்கு மட்டும் காக்கைகள் ஏனோ அதிகமாக வந்தன. துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் தெருவைப் புழுதியாக்கிக்கொண்டிருந்த காலம் அது. புழுதிக்குள் ஒரு ஆள் காலை ஊன்றிச் சைக்கிளோடு நின்று அண்ணாந்து பார்ப்பதை இரண்டு வருஷம் தெரு பார்த்தது. அம்புரோஸுக்குத்தான் தெரியாது. அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் பேக்கரியில் கொரேரா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொரேராவின் தோணியில் பாதி மைத்துனருடையது. கேட்கிறவர்களிடம் எந்தப் பாதி என்று சொல்லமாட்டார். பாய்மரம் இருக்கிற பாதி தன்னுடையது என்பதுபோல் பேசுவார். 

"ஓய் அம்புரோஸ், எம் பையன் கெட்டுனா உம்ம மவளத்தான் கெட்டுவேங்கான்."

அம்புரோஸ் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நம்ம குடும்பத்துல பொண்ணு கேக்கது லேசில்ல பாத்துக்கிடும். ஏஜெண்ட் துரை எங்கிட்டச் சொல்லுவாரு..."

"துரை இருக்கட்டும். சீதனம்னு நான் வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கப்போறதில்ல."

"அதான் கவுரவம்!"

"நீரே இங்கன இருந்து இருவது வருசமாச் சொல்லுதீரு, என் அலமாரியில ஒரு தோணி நிக்கின்னு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அந்த நாலு துப்பாக்கியையும் தந்துரும். நக வேண்டாம், வீடு வேண்டாம்."

அம்புரோஸ் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டார். மக்ரூன் வாயில் பட்டதும் கரைந்துவிடும். யோசிக்க நேரம் தராத பலகாரம். தோணி பெறாது என்று சொன்னால் இருபது வருஷப் பேச்சு பொய். பெறும் என்றால் அலமாரி காலி. பேக்கரியில் அத்தனை பேரும் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"துரைமாரு குடுத்தது," என்றார் அம்புரோஸ்.

"உம்ம மருமவன்தான எடுத்துக்கிடப் போறான். அவனும் வெள்ளையாத்தான் இருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்புரோஸும் சிரித்தார். சிரித்ததைச் சம்மதமாகக் கொரேரா எடுத்துக்கொண்டார். "உம்ம சொல்ல நம்பாம இல்ல. ஆனா யாவாரம் பாக்கவன் நான். மதுரையில துப்பாக்கிக் கடை வச்சிருக்காரு, தளவாய்னு ஒருத்தரு. பழைய துப்பாக்கி மதிக்கதுல புலி. மணப்பாடு திருவிழா கழிஞ்சு கூட்டிட்டு வாரேன். ஒரு பார்வை பாக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் அம்புரோஸ் இதைச் சொன்னார். பிளாரன்ஸ் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"குடுத்துருவீங்களா?"

"பின்னே? கொரேரா குடும்பம் என் சாமானுக்கு அலையுதுன்னா அது என் பெரும. நீ போய்ப் புளியக் கரை."

பிளாரன்ஸ் புளியைக் கரைத்தாள். சட்டியில் கொட்டிவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் அலமாரி திறந்திருந்தது. அம்புரோஸ் ஏஜெண்ட் துரையின் துப்பாக்கியை மடியில் கிடத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதே லேஞ்சியால் மூக்கைத் துடைத்தார். பிறகு மறுபடி துப்பாக்கியை. அலமாரிக்குள் இருப்பது இரும்பு என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். இந்த மனுசன் மகளுக்காக எதையோ அறுத்துக் கொடுக்கிறான் என்று அன்றைக்குத்தான் பட்டது. குழம்பு கொஞ்சம் அடிபிடித்துவிட்டது.

மணப்பாட்டுச் சிலுவைக் கோயில் திருவிழாவுக்கு அம்புரோஸ் வருஷந்தோறும் போவார். அந்த முறை புறப்படும்போது கழுத்துச் சாவியைக் கழற்றி பிளாரன்ஸ் கையில் வைத்தார். இதற்கு முன் அப்படிச் செய்ததில்லை.

"இனிமே என்ன, போற சாமான்தானே," என்றார். "பத்திரம்."

அந்தச் சாவிதான் வினை. கடற்கரை ஊரில் கல்யாணச் சீர் எதையும் புதுப் பெயிண்ட் காட்டாமல் தெருவில் தூக்கிப்போகிற வழக்கம் இல்லை. டிரங்குப் பெட்டி, கட்டில், தையல் மெஷின், எல்லாவற்றையும் சுரண்டித் தேய்த்துப் புது வர்ணம் அடித்துத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். உப்புக்காற்று ஒரு வருஷத்தில் எதையும் பழசாக்கிவிடும். பழசைக் கொடுத்தார்கள் என்ற பேச்சு அதைவிடச் சீக்கிரம் பரவும். புருஷன் ஆசையாக வைத்திருந்த சாமான் கறுத்துப்போய் மங்கலாகப் போவதா? பிளாரன்ஸ் தன் தம்பி சிலுவையைக் கூப்பிட்டு விட்டாள். சிலுவை தோணிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கொழும்புக்குப் போகிற தோணி எதுவும் அவன் கைபடாமல் தண்ணீரில் இறங்காது.

சிலுவை துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏக்கா, நல்ல இரும்புதான். இப்படிக் கறுநீலமா விட்டுவச்சிருக்காவளே. மேல வேற என்னமோ கிறுக்கியிருக்கு."

"அதாம்ல சொல்லுதேன். நல்லா மொழுமொழுன்னு தேச்சு, பளபளன்னு ஆக்கித் தா. மச்சான் வந்து பாத்து அசந்துறணும்."

இரண்டு நாள் தட்டட்டியில் வேலை நடந்தது. சிலுவை உப்புத்தாளை வைத்துத் தேய்த்த தேய்ப்பில் குழாய்கள் வெள்ளி மாதிரி வெளுத்தன. அதன்மேல் அலுமினியம் பெயிண்ட் அடித்தான். கட்டைக்குத் தோணிப் பச்சை. பச்சையின் ஓரத்தில் மஞ்சள் கோடு. மஞ்சள் டப்பாவை ஹில்டா பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒரு சொட்டுத் தெறித்தது. துடைக்கச் சொன்னபோது இருக்கட்டும் என்றாள். கடைசியாக, கூலி வாங்காத வேலை என்பதால் மனம் நிறைந்து, நாலு கட்டையிலும் பனிமய மாதாவின் பழைய பேரில் 'தஸ்நேவிஸ் மாதா துணை' என்று தோணியின் முகப்பில் எழுதுகிற அதே வளைவெழுத்தில் எழுதினான்.

"குசினியில ஒண்ணு கெடக்கே, அதையும் தாக்கா. மிச்சப் பெயிண்ட் இருக்கு."

"அது எதுக்கு? அதச் சீராவா குடுக்கப்போறோம்? காக்கா ஓட்டுற சாமான். கெடக்கட்டும்."

அம்புரோஸ் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். அலமாரிக் கண்ணாடியைப் பிளாரன்ஸின் கல்யாண லேஸ் துணி மூடியிருந்தது.

"என்னளா இது?"

"அவிய வந்தப்பறம் பாருங்க. எல்லாரும் சேந்து பாக்கணும்." அவள் முகத்தில் இருந்த வெட்கத்தைப் பார்த்து அம்புரோஸுக்கும் ஏதோ ஆகிவிட்டது. அதிகம் விசாரிக்காமல் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணி வாக்கில் கொரேரா தளவாயுடன் வந்தார். தளவாயின் சட்டைப் பையில் மூன்று பேனா இருந்தது. கையில் ஒரு பூதக்கண்ணாடி. மதுரைக் கடையில் துப்பாக்கியைவிடக் காலண்டர்தான் அதிகம் என்று பின்னால் தெரியவந்தது. அன்றைக்கு அவர் அந்தக் கண்ணாடியை ஒரு சர்ஜன் மாதிரி மேசையில் எடுத்து வைத்தார். அம்புரோஸ் கொஞ்ச நேரம் ஏஜெண்ட் துரையைப் பற்றிப் பேசினார். பிறகு பிளாரன்ஸிடம் சாவியை வாங்கிப் போட்டு, ஒரு நாடகத் திரையை விலக்குகிறவர் போல லேஸ் துணியை இழுத்தார்.

நாலும் வெள்ளியும் பச்சையுமாக, மஞ்சள் கோட்டோடு, மாதா துணையோடு ஜொலித்தன.

அம்புரோஸின் கை துணியைப் பிடித்தபடியே நின்றது. குசினி வாசலில் பிளாரன்ஸ் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

தளவாய் ஏஜெண்ட் துரையின் துப்பாக்கியை எடுத்தார். பூதக்கண்ணாடியைக் குழாய்மேல் ஓட்டினார். திருப்பினார். மறுபடி ஓட்டினார். ஒரு விரல் நுனியில் அலுமினியம் ஒட்டிக்கொண்டது.

"எழுத்து எங்க?"

"எந்த எழுத்து?" என்றார் கொரேரா.

"குழா மேல கம்பேனிப் பேரு, நம்பரு எல்லாம் வெட்டியிருக்கும்லா. அதத் தேச்சாச்சு. நீலம் போயாச்சு. பழைய துப்பாக்கிக்கு அதுதாங்க உசுரு. அது போச்சுன்னா எந்தத் துரை வச்சிருந்தா என்ன, பட்டறைக்கு எடைக்குப் போட வேண்டியதுதான்." மற்ற மூன்றையும் எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்தில் வைத்தார். "நல்ல சாமானா இருந்திருக்கு. யாரு இந்தப் பாவத்தைச் செஞ்சது?"

பிளாரன்ஸின் முந்தானை வாயிலிருந்து இறங்கியது. "மொழுமொழுன்னு..." என்று ஆரம்பித்தாள்.

"நான்தான்," என்றார் அம்புரோஸ்.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. கோட்டின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "நான் நின்னு அடிக்கச் சொன்னது. துரைமாருகூட முப்பது வருசம் பழகுனவன், எனக்குத் தெரியாதா? சீமையில இப்பம் இதான் பாசன். இங்கன உள்ளவங்களுக்கு எங்க வெளங்கப் போவுது."

வாழ்நாள் முழுக்கப் பேசிய பெருமைப் பேச்சு அந்த ஒரு தடவைதான் வேறொருவருக்கு உபயோகப்பட்டது. பிளாரன்ஸ் குசினிக்குள் போய்விட்டாள். உள்ளே ஒரு சட்டி கீழே வைக்கப்பட்டது.

கொரேரா அலமாரியை உற்றுப் பார்த்தார். "தோணின்னு சொன்னீரு ஓய். அதுக்குத் தக்கன பெயிண்டும் அடிச்சுத்தான் வச்சிருக்கீரு." எழுந்தார். "அப்பம் வாரோம். பையன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

ஆனால் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பமுடியாது. சம்பந்தம் முறிந்தால் மாங்காய் போட்ட சீலா மீன் குழம்பு என்ன பாவம் செய்தது என்று கொரேராவும் நினைத்திருக்கலாம். உட்கார்ந்தார்கள். பிளாரன்ஸ் கண் சிவந்து பரிமாறினாள். நெத்திலி வறுவலை யாருக்கு வைத்தோம் யாருக்கு வைக்கவில்லை என்று தெரியாமல் தளவாய்க்கே மூன்று தடவை வைத்தாள். அவர் மூன்று தடவையும் தடுக்கவில்லை. கொரேரா மட்டும் ஒருமுறை சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே, "பையன் அழுவான்," என்றார்.

அப்போது மேலே 'டிண்' என்றது.

ஹில்டாவுக்குக் கூடத்தில் நடந்தது மாடிப்படி வழியாகக் கேட்டிருந்தது. அவளுக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். அடுத்து இன்னொரு 'டிண்'. கோபத்தில் காக்கை இல்லாமலே சுட்டாள்.

தளவாய் கையில் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்தார். "என்ன சத்தம் அது?"

"மவ காக்கா ஓட்டுதா," என்றாள் பிளாரன்ஸ்.

"எதை வச்சு? நெம்புகோல் மடக்குற சத்தம்லா கேக்குது." கையைக் கழுவாமல் மாடிப்படி ஏறினார். எச்சில் கையோடு கொரேராவும், பின்னால் அம்புரோஸும், கரண்டியோடு பிளாரன்ஸும்.

வெயிலில் நெத்திலி வெள்ளிக்காசாக விரிந்து கிடந்தது. ஹில்டா அவர்களைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தாழ்த்தினாள். தளவாய் இடது கையால் வாங்கி, வேட்டியில் ஒருமுறை துடைத்து, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தார். வைத்தது வைத்தபடி நெடுநேரம் இருந்தார். அந்த நேரத்தில் ஒரு காக்கை வந்து ஒரு மீனை எடுத்துக்கொண்டு போயிற்று. யாரும் ஓட்டவில்லை.

"இதுக்கு என்ன எண்ண போடுதிய?"

"சுறா எண்ணெதான்," என்றாள் பிளாரன்ஸ். "கருவாட்டு உப்புக் கையோட எடுக்கது. துரு ஏறிரப்படாதுன்னு வாரத்துக்கு ஒருக்கா தடவி வைப்பேன்."

"நீலம் அப்படியே நிக்கி. எழுத்து ஒண்ணு விடாம இருக்கு. இந்தா பாருங்க, பர்மிங்காம். கட்டையில ஒரு கீறல் சுரண்டல் இல்ல." தளவாயின் குரல் இறங்கிவிட்டது. "பெரிய சண்டைக்கு முந்தினதுங்க இது. இந்த மாதிரிய நான் படத்துலதான் பாத்திருக்கேன். இந்த நாட்டுல எத்தன பேரு கையில இருக்கும், சொல்லமுடியாது."

கொரேரா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "தோணி பெறுமா?"

"தோணி பெறும்னு சொல்லமாட்டேன். கல்யாணம் நடக்கும்."

கொரேரா சிரித்துவிட்டார். அவரும் மகனுக்குத் தகப்பன்தான்; படியிறங்கி வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதை நினைத்துத்தான் அவருக்குச் சோறு இறங்காமல் இருந்தது. "அப்பம் முடிஞ்சுது! அம்புரோஸ், அந்தப் பச்சத் தோணி நாலையும் நீரே வச்சுக்கிடும். இந்த ஒண்ணத் தாரும். தை மாசம் கல்யாணம்."

ஹில்டா துப்பாக்கியைத் தளவாய் கையிலிருந்து வாங்கினாள். தாவணி முனையால் அதன்மேல் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையைத் துடைத்தாள். கோயிலில் காணிக்கை கொண்டுபோகிறவள் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி கொரேரா முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்கிடுங்க மாமா."

மாமா என்று அவள் அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. கொரேரா எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார்.

நடுவில் இன்னொரு ஜோடிக் கை வந்தது. அம்புரோஸ் துப்பாக்கியை மகள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"ஒரு நிமிசம்," என்றார்.

கீழே சாப்பாட்டின் முன்னால் கூனிப்போன முதுகு மேலே வெயிலில் நிமிர்ந்துகொண்டிருந்தது. "இத எதுக்குக் குசினியில வச்சிருந்தேன்னு நெனைக்கீரு? கள்ளப்பய வந்தா அலமாரியத்தான் பாப்பான். அதுக்குத்தான். வேணும்னே செஞ்சது."

"பட்லர் குடுத்தது," என்றாள் பிளாரன்ஸ், மெதுவாக.

"பட்லரு கொண்டாந்து குடுத்தான். அவனுக்கு ஆரு குடுத்தா? கவர்னர்!" பட்லர் பாவம், கவர்னர் மாளிகைப் பக்கமே போனதில்லை. அம்புரோஸ் தொடர்ந்தார். "இது கவர்னர் கையில இருந்த துப்பாக்கி. லண்டன்ல இதுக்குக் காத்துக்கிட்டு நிப்பான். இத ஒரு ஸ்டோர் கீப்பருக்கா குடுக்கது? அதுவும் அரைத் தோணி வீட்டுக்கு? இதுக்கு மாப்பிள்ள கேட்டா கப்பல் கேப்டன்லா வரணும்!"

"ஏங்க, வேண்டாம்ங்க," என்றாள் பிளாரன்ஸ்.

"அப்பா," என்றாள் ஹில்டா.

இரண்டும் அவர் காதில் விழுந்தனவா தெரியாது. கீழே அரைமணி நேரத்துக்கு முன்னால் அவமானப்பட்ட காது அது. வேறொரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கொரேரா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவருக்கும் ஒரு காது உண்டு. அதில் 'அரைத் தோணி' மட்டும் விழுந்தது. "கேப்டன் வருவாரு. வந்தா இந்தக் கருவாட்ட வித்துப் பொழைக்க வீட்டப் பாத்து மூக்கப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போவாரு." படி இறங்கி, தண்ணீர் கேட்டுக் கையைக் கழுவி, துடைக்கக் கொடுத்த துண்டைத் தொடாமல் போனார். தளவாய் மட்டும் தயங்கி நின்று, விற்கிற எண்ணம் இருந்தால் தனக்கு ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டார். அம்புரோஸ் அவரை, மானேஜர் துரை கூலியாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அன்று சாயங்காலமே குசினித் துப்பாக்கி அலமாரியில் முதல் இடத்துக்கு வந்தது. மற்ற நாலும் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் போயின. லண்டனுக்கு எழுதினார். லண்டன் பதில் போடவில்லை. பேக்கரியில் கவர்னரைப் பற்றிப் பேசினார். டீ ஆற்றுகிறவர்கள் ஆற்றிக்கொண்டே இருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, சிரிக்கவுமில்லை. கூட்டமாக இருந்தாலும் அவர் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது.

லியோன் சில நாள் வழக்கமான இடத்தில் சைக்கிளை நிறுத்தினான். சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பது அவன் பழக்கம். சத்தம் கேட்கவில்லை. ஹில்டா மேலேதான் இருந்தாள், ஒரு சேலைத் துண்டை வீசிக்கொண்டு. துணி வீசுவது கீழே கேட்காது. கூப்பிட்டிருக்கலாம். அவன் பேரைச் சொல்லி அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவனும் அந்த 'டிண்' கேட்காமல் பேச்சைத் தொடங்கிப் பழகியவன் இல்லை. மாசி மாதம் ஆலந்தலையில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. பிளாரன்ஸ் வீட்டுக்கும் பத்திரிகை வந்தது. சிலுவைதான் அந்தப் பெண்ணின் டிரங்குப் பெட்டிக்குப் பெயிண்ட் அடித்தான். அக்காவிடம் சொல்லவில்லை.

பெயிண்ட் அடித்தது தன் யோசனை என்று பிளாரன்ஸ் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு நான்தான் என்று அவர் சொன்னதைப் பற்றிக் கணவரிடமும் பேசவில்லை. ஆனால் அதற்காக அவருடைய அத்தனை வருஷப் பெருமைப் பேச்சையும் அவள் மன்னிக்கத் தயாராக இருந்த நேரத்தில் அவர் மாடிக்கு ஏறிவிட்டார். எதற்கு நன்றி, எதற்குக் கோபம் என்று பிரித்தெடுக்க அவளால் ஆகவில்லை. இரண்டையும் ஒரே சட்டியில் வைத்துக்கொண்டு மீன் கழுவினாள். சுறா எண்ணெய்ப் பாட்டில் குசினி மாடத்தில் அப்படியே இருந்தது.

அடுத்த ஆவணியில் ஒரு மத்தியானம், அம்புரோஸ் கழுத்துச் சாவியைக் கழற்றி அலமாரியைத் திறந்தார். துடைக்க இல்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, ரவை டப்பாவைத் தேடி எடுத்து, மாடிப்படி ஏறினார். கோட்டுப் போட்டிருக்கவில்லை. பனியனில் அவர் இன்னும் சின்ன ஆளாகத் தெரிந்தார்.

ஹில்டா பாயோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாளையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கை தூரத்தில் நாலைந்து காக்கைகள் நடந்துகொண்டிருந்தன. அவள் ஓட்டவில்லை. குடலும் தலையுமாக ஒரு சிறங்கையை ஓரத்தில் அவற்றுக்கென்று தனியாக வைத்திருந்தாள்.

"இந்தா," என்றார் அம்புரோஸ்.

ஹில்டா நிமிர்ந்து பார்த்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள்.

"என்னதுப்பா?"

"உன் துப்பாக்கி. வச்சுக்கோ. காக்கா ஓட்ட."

"வேண்டாம்பா. அதுவ பழகிட்டு." அவள் ஒரு மீனைத் திருப்பினாள். "நானும் ஒரு பங்கு போட்டுருதேன். மிச்சத்தத் தொடாது."

மூலையில் பிஸ்கட் டின் மூடி தொங்கிக்கொண்டிருந்தது. ரவை பட்ட பொட்டுகள் எல்லாவற்றிலும் துரு ஏறியிருந்தது. கீழே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. அம்புரோஸ் சட்டென்று கைப்பிடிச் சுவரருகே போய் எட்டிப் பார்த்தார். உப்பளத்துக்குப் போகிற யாரோ ஒருவன். அவன் அண்ணாந்து பார்க்கவில்லை.

திரும்பி வந்து, துப்பாக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"உப்புக்காத்து அடிக்கு," என்றாள் ஹில்டா, தலையைத் தூக்காமல். "உள்ள கொண்டு போங்கப்பா. துரு ஏறிரும்."